கதிரியக்கத்தின் கணக்கு யார் கையில்?

1962ஆம் ஆண்டு, கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் ஆய்வு நிறுவனத்திற்கு ஜப்பானிலிருந்து ஒரு பெண் விஞ்ஞானி வந்து சேர்ந்தார். பெயர் கட்சுகோ சருஹாஷி. வந்தது கூட்டு ஆய்வுக்குத்தான் என்றாலும், உண்மையில் அது அவருக்கு வைக்கப்பட்ட ஒரு பரீட்சை. பசிபிக் பெருங்கடலில் கலந்துள்ள சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் அளவு குறித்து அவரும் அவருடைய ஆய்வகத் தலைவர் யசுவோ மியாகேவும் டோக்கியோவில் வெளியிட்டிருந்த எண்கள், அமெரிக்கக் கரையோரத்தில் அமெரிக்கர்கள் எடுத்திருந்த எண்களைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தன. ஜப்பானியர்கள் அளப்பதில் எங்கோ தவறிவிட்டார்கள் என்று அமெரிக்கத் தரப்பில் பேசப்பட்டது. தவறவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு சருஹாஷியின் தோளில் விழுந்தது.

பரீட்சையின் விதி எளிமையானது. இரு தரப்பும் ஒரே கடல்நீரை எடுத்துக்கொள்ள வேண்டும். தத்தம் முறைப்படி அதிலிருந்து சீசியத்தைப் பிரித்து அளக்க வேண்டும். பிறகு எண்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எதிர்த் தரப்பில் இருந்தவர் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் தியோடர் ஃபோல்சம். கடல்நீரின் கதிரியக்கத்தை அளப்பதில் அமெரிக்காவில் முன்வரிசையில் நின்றவர். ஆறு மாத காலம் இந்த ஒப்பீடு நடந்தது. முடிவில் இரண்டு முறைகளும் ஒன்றோடொன்று பொருந்தின. சருஹாஷியின் முறை துல்லியமானது என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. 1963இல் ஃபோல்சமும் சருஹாஷியும் அந்த ஒப்பீட்டைக் கூட்டாகவே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அளவையில் பிழை இல்லை. ஜப்பானைச் சுற்றியுள்ள கடல், அவர் சொன்ன அளவுக்கு மாசுபட்டுத்தான் இருந்தது.

அறுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வகத்தில் நடந்த இந்தச் சோதனையை இன்று இந்தியாவில் நினைவுகூர வேண்டிய தேவை இருக்கிறது. கதிரியக்கத்தைக் கண்ணால் காண முடியாது. அதற்கு மணமில்லை, சுவையில்லை. ஆலைப் புகையால் இருமல் வருகிறது என்று தொழிலாளி சொல்ல முடியும். சாயக் கழிவால் ஆறு சிவந்துவிட்டது என்று விவசாயி சுட்டிக்காட்ட முடியும். கதிரியக்க மாசு அப்படியல்ல. யாரேனும் அளந்து சொன்னால்தான் அது இருக்கிறது என்றே தெரியவரும். ஆகவே அளக்கும் கருவி யாரிடம் இருக்கிறது, அளந்த எண் எந்த அலமாரியில் பூட்டப்படுகிறது என்பவை வெறும் தொழில்நுட்பக் கேள்விகள் அல்ல, அதிகாரம் பற்றிய கேள்விகள்.

சாம்பல் பொழிந்த கடல்

1954 மார்ச் 1 அதிகாலையில், மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. ‘காசில் பிராவோ’ என்பது அந்தச் சோதனையின் பெயர். ஐந்தாறு மெகா டன் ஆற்றல் வெளிப்படும் என்று கணக்கிட்டிருந்தார்கள். வெளிப்பட்டதோ 15 மெகா டன். ஹிரோஷிமாவில் வீசப்பட்ட குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. பவளப்பாறை பொடிப்பொடியாகி, கதிரியக்கம் ஏறிய வெண்சாம்பலாகக் கடலின்மீது பொழிந்தது. அபாயப் பகுதி என்று அமெரிக்காவே வரையறுத்த எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ‘ஐந்தாம் எண் அதிர்ஷ்ட டிராகன்’ என்ற ஜப்பானியப் படகின் 23 தொழிலாளர்கள் மீதும் அந்தச் சாம்பல் விழுந்தது. இரண்டு வாரம் கழித்து யாய்சு துறைமுகத்திற்கு அவர்கள் திரும்பியபோது தோல் கருத்து, புண்பட்டு, முடி கொட்டத் தொடங்கியிருந்தது. படகின் வயர்லெஸ் இயக்குநர் ஐகிச்சி குபோயாமா அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உயிரிழந்தார்.

அந்தக் கடலில் மனிதர் வாழும் தீவுகளும் இருந்தன. ரோங்கெலாப் தீவின் மக்கள் இரண்டு நாட்களுக்கும் மேலாக அந்தச் சாம்பலுக்குள்ளேயே விடப்பட்டார்கள். 1957இல், இனி ஆபத்தில்லை என்று கூறி அவர்களை அதே மண்ணுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுடைய உடல்களில் கதிரியக்கம் என்ன செய்கிறது என்பதை அமெரிக்க மருத்துவக் குழுக்கள் ஆண்டுதோறும் வந்து பதிவு செய்தன. 1985இல் அம்மக்கள் தாங்களாகவே தீவைக் காலி செய்துகொண்டு வெளியேற வேண்டியதாயிற்று.

1954 மார்ச் 31 அன்று அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் வெளியிட்ட அறிக்கை, ஏகாதிபத்தியம் அறிவியலின் மொழியைக் கடன்வாங்கிப் பேசும் விதத்திற்கு ஒரு நல்ல மாதிரி. மீனவர்களின் தோல் புண்களுக்குக் காரணம் கதிரியக்கமாக இராது, சுட்டெரிந்த பவளத் துகள்களின் வேதிவினையாகவே இருக்கும் என்றார். படகு அபாயப் பகுதிக்குள்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். கடலில் விழுந்த கதிரியக்கம் நீரோட்டத்தில் கலந்து சில மைல்களுக்குள் தீங்கற்றதாகிவிடும், 500 மைல் தாண்டினால் கருவிகளாலும் கண்டறிய முடியாதபடி கரைந்துபோகும் என்றும் உறுதி கூறினார். ஒவ்வொன்றும் ஒரு விஞ்ஞானக் கூற்றுப்போலவே ஒலித்தது. இவற்றை எதிர்த்துப் பேச ஒரே வழிதான் இருந்தது: கடலுக்குப் போய் அளந்து பார்ப்பது.

அளந்தார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கென்ஜிரோ கிமுரா குழுவினர் படகில் ஒட்டியிருந்த சாம்பலைப் பகுத்து அதில் யுரேனியம்-237 இருப்பதைக் கண்டறிந்தனர். அமெரிக்கா இரகசியமாக வைத்திருந்த குண்டின் அமைப்பே அதனால் வெளிப்பட்டது. மே மாதம் ‘ஷுன்கோட்சு மாரு’ என்ற ஆய்வுக் கப்பல் விஞ்ஞானிகளுடன் பிகினி கடற்பகுதிக்குப் புறப்பட்டது. நீர், மிதவை உயிரிகள், மீன் என்று எல்லாவற்றையும் எடுத்துச் சோதித்தார்கள். பிகினிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மேற்கு நோக்கி ஓடும் நீரோட்டத்தில் கதிரியக்கம் தெளிவாகவே பதிவானது. ஸ்ட்ராஸ் சொன்ன 500 மைல் கணக்கு அங்கேயே பொய்த்தது.

ஆனால் ஜப்பானிய ஆளும் வர்க்கத்திற்கு அமெரிக்காவுடனான கூட்டு முக்கியமாக இருந்தது. மாசுபட்ட மீன்கள் டன் கணக்கில் அழிக்கப்பட்டன, சந்தையில் விலை வீழ்ந்தது, மீனவர் குடும்பங்கள் தவித்தன. 1955 ஜனவரியில் அமெரிக்கா 20 லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டது. சட்டப்படியான பொறுப்பை ஏற்காமல், கருணைத் தொகை என்ற பெயரில் கொடுக்கப்பட்ட பணம் அது. அதற்குச் சற்று முன்னதாக, 1954 டிசம்பர் இறுதியோடு, துறைமுகங்களில் சூரை மீன்களின் கதிரியக்கத்தைச் சோதிப்பதை ஜப்பானிய அரசு நிறுத்திவிட்டது. கடல் தூய்மையாகிவிட்டதால் நிறுத்தவில்லை. அளந்தால் எண் வரும், எண் வந்தால் கேள்வி வரும் என்பதை அரசுகள் நன்கறியும்.

குடுவையில் கிடைத்த சான்று

கட்சுகோ சருஹாஷி 1920இல் டோக்கியோவில் பிறந்தவர். காப்பீட்டு நிறுவன வேலையை விட்டுவிட்டு, பெண்களுக்கான அறிவியல் கல்லூரியொன்றில் சேர்ந்து 1943இல் படிப்பை முடித்தார். வானிலை ஆய்வுத் துறையில் மியாகேவின் புவிவேதியியல் ஆய்வகத்தில் பணிக்குச் சேர்ந்தார். 1957இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. கடல்நீரில் கரைந்துள்ள கார்பானிக் அமிலத்தைக் கணக்கிட 1955இல் அவர் வகுத்த அட்டவணை, கணினிகள் வரும்வரை உலகெங்குமுள்ள கடலியலாளர்களுக்குப் பயன்பட்டது. பிகினிக்குப் பிறகு, மழையிலும் கடலிலும் கலந்த கதிரியக்கப் பொருட்களைத் தொடர்ந்து அளக்கும் பணி அந்த ஆய்வகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்தப் பணியின் கடினத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. ஏனெனில், எண்களை மறுப்பவர்கள் எப்போதும் அந்தக் கடினத்தின் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் பொட்டாசியமும் உண்டு. பொட்டாசியத்தில் மிகச் சிறு பகுதி இயற்கையாகவே கதிர்வீசுவது. குண்டுச் சோதனையிலிருந்து வந்து சேர்ந்த சீசியத்தின் கதிர்வீச்சைவிட இந்த இயற்கைக் கதிர்வீச்சு கடலில் பல மடங்கு அதிகம். போதாக்குறைக்கு, வேதிப் பண்பில் சீசியமும் பொட்டாசியமும் உறவினர்கள். ஒன்றைப் பிடிக்கப்போனால் மற்றதும் கூடவே வரும். ஆகவே நீரில் கருவியை நேரே முக்கி எண்ணிக்கையைப் படித்துவிட முடியாது. பெருமளவு கடல்நீரை எடுத்து, சீசியத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும் வேதிப்பொருளைச் சேர்த்து, வீழ்படிவாக்கி, வடித்து, மீண்டும் தூய்மைப்படுத்தி, கடைசியில் மிஞ்சும் சிறு துணுக்கிலிருந்து வரும் கதிர்களைப் பொறுமையாக எண்ண வேண்டும். இடையில் எவ்வளவு சீசியம் நழுவிப்போயிற்று என்பதற்கும் கணக்கு வேண்டும். இந்த வேலையில் சருஹாஷி அடைந்திருந்த தேர்ச்சியைத்தான் ஸ்கிரிப்ஸில் சோதித்தார்கள்.

எண்கள் வேறுபட்டதற்கான உண்மைக் காரணம் கடலின் ஓட்டத்திலேயே இருந்தது. பசிபிக்கில் விழுந்த கதிரியக்கப் பொருட்கள், வாளித் தண்ணீரில் விழுந்த மைத்துளிபோல் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிவிடவில்லை. பிகினியிலிருந்து நீரோட்டம் அவற்றை மேற்கே தள்ளி, பிறகு வடக்கே திருப்பி, ஜப்பானியக் கரையை ஒட்டிக் கொண்டுசென்றது. வெடித்தவர்களின் கரை ஒப்பளவில் தப்பித்தது. வெடிக்காதவர்களின் கரை சுமந்தது. கடல் பெரியது, எல்லாம் கரைந்துவிடும் என்ற சமாதானத்தில் இதற்கு இடமே இல்லை.

சருஹாஷி ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. 1958இல் ஜப்பானியப் பெண் விஞ்ஞானிகள் சங்கத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு வியன்னாவில் கூடிய சர்வதேச ஜனநாயக மாதர் சம்மேளனத்தின் மாநாட்டில், அணுகுண்டுச் சோதனைகளின் தீங்கைப் பற்றிப் பேசினார். டோக்கியோவின் சுகினாமி பகுதிப் பெண்கள் முன்னின்று தொடங்கிய கையெழுத்து இயக்கத்தில் 1955 ஆகஸ்டுக்குள் 3 கோடிக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டிருந்தார்கள். அந்த இயக்கத்தின் கையில் சான்றாக இருந்தவை இத்தகைய ஆய்வகங்களின் எண்கள்தாம். 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுகுண்டுச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதை ஒரு விஞ்ஞானியின் தனி வெற்றியாகக் காட்டுவது மிகையாகும். ஆனால் மக்கள் இயக்கமும் அளவையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதில் ஐயமில்லை.

இங்கே இடதுசாரிகளுக்குச் சற்றுக் கசப்பான ஒரு செய்தியும் உண்டு. 1961 அக்டோபர் 30 அன்று சோவியத் ஒன்றியம் ஏறத்தாழ 50 மெகா டன் ஆற்றலுள்ள குண்டை வளிமண்டலத்தில் வெடித்தது. அந்த ஆண்டுகளின் சோவியத் சோதனைகளிலிருந்து வந்த சீசியமும் உலகெங்கும் மழையோடு இறங்கியது. சருஹாஷியின் கருவி எந்த நாட்டுச் சீசியம் என்று பார்த்து எண்ணவில்லை. சோசலிச நாட்டின் சோதனையையும் எதிர்க்க வேண்டுமா என்ற கேள்வியிலேயே ஜப்பானின் அணுகுண்டு எதிர்ப்பு இயக்கம் அறுபதுகளில் பிளவுபட்டது. ஏகாதிபத்திய முற்றுகையின் நடுவே சோவியத் ஒன்றியம் அணு ஆயுதம் செய்ய நேர்ந்ததன் வரலாற்றுச் சூழல் வேறு, மழையில் இறங்கிய சீசியத்தின் அளவு வேறு. முதலாவதை விளக்குவதால் இரண்டாவது குறைந்துவிடாது.

ஜாதுகோடாவின் எண்கள்

இந்திய அரசு ஒரு காலத்தில் இந்தக் கேள்வியில் நல்ல நிலை எடுத்தது. பிகினி வெடிப்பு நடந்து ஒரு மாதத்தில், 1954 ஏப்ரல் 2 அன்று, அணுகுண்டுச் சோதனைகளை உடனே நிறுத்திவைக்கும் உடன்பாடு தேவை என்று நாடாளுமன்றத்தில் நேரு அறைகூவல் விடுத்தார். அவருடைய முன்முயற்சியால் இயற்பியலாளர் டி.எஸ்.கோத்தாரி தயாரித்த ‘அணு வெடிப்புகளும் அவற்றின் விளைவுகளும்’ என்ற நூலை 1956இல் அரசின் வெளியீட்டுப் பிரிவே அச்சிட்டு வெளியிட்டது. கதிரியக்கத் தூசி உணவிலும் எலும்பிலும் என்ன செய்யும் என்பதைக் குடிமக்கள் காசு கொடுத்து வாங்கிப் படிக்க முடிந்தது. பிற நாட்டின் குண்டைப் பற்றியது என்பதால் அந்தத் தாராளம் எளிதாக இருந்தது போலும். 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம், சொந்த நாட்டு அணு நிலையங்களைப் பற்றிய தகவல்களை இரகசியமாக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது.

அந்த இரகசியத்தின் விலையைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் ஜார்க்கண்டின் கிழக்கு சிங்பூம் மாவட்டத்திலுள்ள ஜாதுகோடாவின் ஆதிவாசிகள். பொதுத்துறை நிறுவனமான இந்திய யுரேனியக் கழகம் 1967 முதல் அங்கே இயங்கிவருகிறது. அந்தத் தாதுவில் யுரேனியம் மிகக் குறைவு. ஒரு டன் பாறையை அரைத்தால் ஒரு கிலோகூடத் தேறாது. மிஞ்சும் எல்லாமும் சேறாகக் கழிவுத் தேக்கங்களுக்குப் போகிறது. யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பின்னும் தாதுவின் கதிரியக்கத்தில் பெரும்பகுதி அந்தச் சேற்றிலேயே தங்கிவிடும். அதிலுள்ள ரேடியம்-226 பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். தேக்கங்களை ஒட்டியே சந்தால், ஹோ மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. 1996இல் மூன்றாவது தேக்கத்துக்காக சாட்டிகோச்சா கிராமத்தில் வீடுகள் இடிக்கப்பட்டன. 2006 டிசம்பரில் கழிவுக் குழாய் வெடித்து ஓடைக்குள் சேறு பாய்ந்தபோது, அதைக் கண்டு நிர்வாகத்திற்குச் சொன்னவர்கள் கிராமத்தினரே என்று அப்பகுதி இயக்கம் பதிவுசெய்துள்ளது.

2001, 2002ஆம் ஆண்டுகளில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக அணு உலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹிரோஆகி கொய்டே ஜாதுகோடாவின் மண்ணையும் காற்றையும் ஆராய்ந்தார். ஜார்க்கண்டி கதிரியக்க எதிர்ப்பு அமைப்பு அவருக்குத் துணைநின்றது. பொதுமக்கள் ஓராண்டில் பெறத்தக்க கூடுதல் கதிர்வீச்சுக்கு விதிக்கப்பட்டுள்ள வரம்பு 1 மில்லிசீவர்ட். கிராமங்களில் சில இடங்களில் கதிர்வீச்சு அந்த அளவைத் தாண்டியிருந்தது என்றும், கழிவுத் தேக்கத்தை ஒட்டி ஆண்டுக்கு 10 மில்லிசீவர்ட்வரை எட்டியது என்றும் அவர் அறிக்கை தந்தார். மறுபுறம், அணுசக்தித் துறையின் அங்கமான பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், அப்பகுதி மக்கள் பெறும் கதிர்வீச்சு இயற்கைப் பின்னணி அளவை ஒட்டியதே என்று ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

அதாவது, 1962இல் டோக்கியோவுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையில் இருந்த அதே நிலைமை: ஒரே மண், இரண்டு எண்கள். அங்கே ஒரே நீரைப் பங்கிட்டு இருவரும் அளந்தார்கள். இங்கே நடந்தது வேறு. ஜாதுகோடாவின் கழிவுகள் குறித்த பொதுநல மனு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. அணுசக்தி ஆணையத்தின் தலைவர் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். போதிய நடவடிக்கைகள் எடுக்கப்பட்டுள்ளன என்றார். அதை ஏற்று 2004 ஏப்ரலில் மனு தள்ளுபடி செய்யப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட தரப்பின் உறுதிமொழியே இறுதிச் சான்றாயிற்று.

கொய்டேயின் எண்கள் எல்லாமே சரி, அரசு விஞ்ஞானிகளின் எண்கள் எல்லாமே பொய் என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வது பொருள்முதல்வாதிகளுக்கு அழகல்ல. இரு தரப்பும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நாட்களில் அளந்திருக்கலாம். தேக்கத்தின் விளிம்பில் நின்று எடுக்கும் அளவும், பல வீடுகளில் எடுத்த அளவுகளின் சராசரியும் ஒன்றாக இருக்காது. ஆனால் தேக்கத்தின் விளிம்பில் ஆடு மேய்க்கும் சிறுவனுக்குச் சராசரியால் பயனில்லை. எந்த இடத்தில், எந்த நாளில், யார் முன்னிலையில் மாதிரி எடுக்கப்பட்டது என்பதே பாதி விடை. அந்தப் பாதியை மக்கள் பார்க்க முடியாதபடி வைத்திருப்பதுதான் பிரச்சனை.

பொதுத்துறை என்றால் போதுமா?

இடதுசாரி அணிகளுக்குள்ளேயே இவ்விடத்தில் ஒரு தயக்கம் எழுவதுண்டு. அணுசக்தித் துறை தற்சார்பின் அடையாளம், அதன் நிறுவனங்கள் பொதுச் சொத்து, அவற்றைக் கேள்வி கேட்பது தனியார்மயக்காரர்களுக்கு வாய்ப்பளிக்காதா என்ற தயக்கம் அது. அக்கறையிலிருந்து வருவதால் அதற்கு நேராகவே விடை சொல்ல வேண்டும்.

1957 செப்டம்பர் 29 அன்று யூரல் பகுதியிலுள்ள மாயாக் அணு நிலையத்தில் கழிவுத் தொட்டி வெடித்தது. பரந்த நிலப்பரப்பு மாசுபட்டது. கிராமங்கள் காலி செய்யப்பட்டன. சோவியத் அரசு அதை வெளியிடவில்லை. நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த உயிரியலாளர் ஜோரஸ் மெத்வதேவ் 1976இல் அதைப்பற்றி எழுதியபோது, மேற்கத்திய அணுசக்தி அதிகாரிகளே நம்ப மறுத்தார்கள். சோவியத் விஞ்ஞானிகள் ஏரிகளிலும் காடுகளிலும் கதிரியக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரைகளைத் தேடிப் படித்து, அத்தனை பெரிய ‘சோதனைக் களம்’ விபத்தின்றி உருவாகியிருக்க முடியாது என்று அவர் நிறுவினார். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வுக்கு அவ்விபத்து முன்பே தெரிந்திருந்தது என்பது பின்னர் வெளியான ஆவணங்களில் தெரியவந்தது. தன் நாட்டு அணு நிலையங்களைப் பற்றிய அச்சம் கிளம்பும் என்பதால்தான் அதுவும் வாய்திறக்கவில்லை என்று மெத்வதேவ் உள்ளிட்ட பலர் கருதினர். சோவியத் அரசு அதிகாரப்பூர்வமாக ஒப்புக்கொண்டது 1989இல். உடைமை சமூகத்தினுடையதாக இருந்தும் கணக்கு சமூகத்தின் கைக்கு வரவில்லை. அந்த மறைப்பு சோசலிசத்தைக் காக்கவில்லை. எதிரிகளுக்கு ஆயுதமாகத்தான் ஆயிற்று.

இந்தியப் பொதுத்துறையிலும் உடைமை ஒன்று, கணக்கு ஒன்று. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் ஓர் அரசாணையால் அமைக்கப்பட்டது. அது அறிக்கை அளித்துவந்தது அணுசக்தி ஆணையத்திடம். அந்த ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலர். கண்காணிக்கப்படுபவரிடமே கண்காணிப்பாளர் கைகட்டி நிற்கும் ஏற்பாடு. இதை 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே கடுமையாக விமர்சித்தார். நாட்டுக்கான கதிரியக்கப் பாதுகாப்புக் கொள்கையை வகுக்கும்படி 1983ஆம் ஆண்டின் ஆணையிலேயே பணிக்கப்பட்டும் வாரியம் அதைச் செய்திருக்கவில்லை. நாட்டிலிருந்த 57,443 மருத்துவ எக்ஸ்-ரே நிலையங்களில் 5,270 மட்டுமே வாரியத்தில் பதிவாகியிருந்தன. அணு உலைகளின் அருகே சுற்றுச்சூழலை அளக்கும் ஆய்வகங்களும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவையே.

2010இல் டெல்லி மாயாபுரியில் நடந்ததையும் மறக்க முடியாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பயன்படுத்தப்படாமல் கிடந்த கோபால்ட்-60 கருவி பழைய இரும்போடு இரும்பாக ஏலம் போனது. அதை உடைத்த தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்; ஒருவர் இறந்தார். எந்தக் கருவி எங்கே கிடக்கிறது என்ற எளிய கணக்குகூட யார் கையிலும் இல்லை என்பதைக் காயலான் கடைத் தொழிலாளி தன் உடலால் கண்டறிய நேர்ந்தது.

பொதுத்துறையிலேயே நிலைமை இதுவென்றால், இலாபத்துக்காக இயங்கும் கார்ப்பரேட்டுகளிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? 2025 டிசம்பரில் மோடி அரசு நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிக்கொண்ட சட்டத்திற்கு ‘சாந்தி’ என்று பெயர். 1962ஆம் ஆண்டின் சட்டத்தையும் 2010ஆம் ஆண்டின் விபத்து இழப்பீட்டுச் சட்டத்தையும் நீக்கிவிட்டு, அணுமின் நிலையங்களை அமைக்கவும் இயக்கவும் தனியாருக்கு அது கதவைத் திறந்துவிட்டது. கருவிகளில் குறையிருந்தால் அவற்றை விற்ற நிறுவனத்திடம் இழப்பீடு கோரும் வழியையும் அடைத்துவிட்டது. அமெரிக்க, பிரெஞ்சு நிறுவனங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தது இதைத்தான். ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து வந்திருப்பதைப் பெரிய சாதனையாக அரசு காட்டுகிறது. ஆனால் தகவல்களைக் கட்டுப்படுத்தப்பட்டவை என்று அறிவித்து மூடிவைக்கும் அதிகாரத்தை அரசு கைவிடவில்லை. இரகசியத்துக்கு இதுவரை தேசப் பாதுகாப்பு காரணமாகச் சொல்லப்பட்டது. இனி வணிக இரகசியமும் சேர்ந்துகொள்ளும்.

எனவே தனியார்மயத்தை எதிர்ப்பதும் அளவைகளைத் திறந்துவைக்கக் கோருவதும் ஒரே போராட்டத்தின் இரண்டு முனைகள். ஊழியரின் கதிர்வீச்சுப் பதிவேடு, ஒப்பந்தத் தொழிலாளியின் பதிவேடு உட்பட, தொழிற்சங்கத்தின் பார்வைக்கு வர வேண்டும். தொழிலாளிக்கு ஐந்தாண்டில் 100 மில்லிசீவர்ட் என்ற வரம்பு இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து வேறு நிலையத்துக்குப் போகிறவரின் ஐந்தாண்டுக் கணக்கைத் தொழிற்சங்கம் சரிபார்க்க முடியாவிட்டால் அந்த வரம்பு காகிதத்தில்தான் இருக்கும்.

சருஹாஷி பணியாற்றிய ஆய்வகத்தின் பிற்காலக் கதையும் இதையே சொல்கிறது. ஐம்பதுகளில் தொடங்கிய அளவைகளை வானிலை ஆய்வு நிறுவனம் இடையறாமல் தொடர்ந்து வந்தது. செர்னோபில் விபத்தின் சீசியமும் அந்தப் பதிவில் இருக்கிறது. சருஹாஷி 2007இல் காலமானார். 2011 மார்ச் 11 அன்று சுனாமி தாக்கி ஃபுகுஷிமாவின் உலைகள் உருகின. கடலிலும் காற்றிலும் சீசியம் கலந்துகொண்டிருந்த அதே மாத இறுதியில், அந்த நெடுநாள் அளவைப் பணிக்கு இனி நிதி கிடையாது என்று ஆய்வாளர்களிடம் சொல்லப்பட்டது. அவசர வேலைகளுக்குப் பணம் தேவை என்பது சொல்லப்பட்ட காரணம். மற்ற ஆய்வு நிறுவனங்களிலிருந்து வேதிப்பொருட்களையும் உதவியையும் கேட்டுப் பெற்று, அவர்கள் மாதிரி எடுப்பதை நிறுத்தாமல் நடத்தினார்கள்.

ஜாதுகோடாவுக்குக் கேட்க வேண்டியது பெரிய திட்டம் எதுவுமல்ல. கிழக்கு சிங்பூம் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் வரும் மாவட்டம். கிராம சபைக்கு அங்கே சட்டப்படி இடமிருக்கிறது. கழிவுத் தேக்கங்களின் ஓரத்திலும், கிராமத்துக் கிணறுகளிலும், ஓடைகளிலும் கிராம சபையினர் முன்னிலையில் மண்ணும் நீரும் எடுக்கப்படட்டும். ஒவ்வொரு மாதிரியும் மூன்றாகப் பங்கிடப்படட்டும். ஒரு பங்கு பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு, ஒரு பங்கு அணுசக்தித் துறையோடு தொடர்பில்லாத பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு, ஒரு பங்கு முத்திரையிட்டு நீதிமன்றப் பாதுகாப்பில். இரண்டு முடிவுகளும் ஒரே நாளில், சந்தாலியிலும் ஹோ மொழியிலும், கிராம சபையில் வாசிக்கப்படட்டும்.